டிராகன் எல்லாருக்கும் கிடையாது

மான்ஸ்டர்களைப் பழக்கும் ஒரு பள்ளி. ஆளுக்கொரு மாணவர், மாணவருக்கொரு மிருகம். இணையத்தில் பலர் சேர்ந்து, முறைவைத்துப் பத்தி பத்தியாக எழுதிக் கதையை நகர்த்த வேண்டும். ஆனால் பள்ளி திறக்கும் முன்பே தகராறு: எல்லாருக்கும் நெருப்பு கக்கும் டிராகன்தான் வேண்டும்.

இந்த ஆசைக்குத் தூபம் போட்டது ஜப்பான். சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தாஜிரி உருவாக்கிய போக்கிமான் 1996ல் வெளிவந்தது. சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள். ஒன்றில் அகப்படும் சில பிராணிகள் மற்றதில் கிடையாது. இரண்டு கேம் பாய்களைக் கேபிளால் இணைத்து நண்பனோடு பண்டமாற்று செய்தால்தான் தொகுப்பு நிறையும். தனியாளால் முடியாதபடி அமைத்ததுதான் சாமர்த்தியம்.

கூட்டுக் கதைக்கும் அந்தச் சூட்சுமம் தேவை. 1974ல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் தீர்ப்புச் சொல்ல நடுவரும் பகடையும் உண்டு. எழுதி ஆடுவதில் பெரும்பாலும் பகடை கிடையாது. "என் டிராகன் உன் பூனையைச் சாம்பலாக்கியது" என்று ஒருவர் எழுதிவிட்டால் மற்றவர் கதி? எனவே மிருகப் பட்டியலுக்கு முன்பே எழுதவேண்டியது ஒரு விதி: யாரும் தாக்கலாம், அடி விழுந்ததா என்பதை அடிபடுபவர்தான் எழுதுவார். அடுத்தவர் பாத்திரத்தைப் பேசவைக்கவும் உரிமையில்லை. பலவீனம் குறிப்பிடாத மிருகத்துக்கு அட்மிஷன் கிடையாது. (எப்போதும் ஜெயிக்கும் டிராகனைவிட, தண்ணீரைக் கண்டு மிரளும் ஆமையிடம்தான் கதை இருக்கிறது.)

இன்னொன்று, வருகைப் பதிவேடு. நிஜப் பரீட்சை வந்தால் மாணவர்கள் மாயமாகிவிடுவார்கள். எத்தனை நாள் காத்திருப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. கெடு தாண்டினால் அடுத்தவர் எழுதட்டும். அதுவரை மிருகம் கொட்டிலில் தூங்கும்.