கீழைத்தேய ஞானமும் மேலைத்தேயச் சமதர்மமும்: எட்வேட் கார்ப்பென்டர் பற்றிய ஒரு நோக்கு

மேலைத்தேயத்தின் நவீன உலகநோக்கிலே கீழைத்தேயச் சிந்தனை செலுத்திய செல்வாக்கினை ஆராய்வோருள் ஒருசாரார் அதனை நமது ஆன்மிக மேன்மைக்குச் சான்றாகக் கொள்வர். மறுசாரார் குடியேற்றவாதத்தின் கற்பனையென ஒதுக்கிவிடுவர். செல்வாக்கு ஏற்பட்ட சமூகச் சூழலை இரு சாராரும் கருத்திற் கொள்வதில்லை. ஈழத்தோடு தொடர்புடைய உதாரணமொன்றினை நாம் இங்கு நோக்கலாம்.

எட்வேட் கார்ப்பென்டர் (1844-1929) மதகுருப் பதவியைத் துறந்து சமதர்ம இயக்கத்திற் சேர்ந்த ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜ் நண்பரான பொன்னம்பலம் அருணாசலம் வழங்கிய பகவத்கீதை மொழிபெயர்ப்பு, 1883இல் வெளிவந்த 'ஜனநாயகத்தை நோக்கி' என்னும் நூலுக்கு உந்துதலாயிற்று. 1890இல் இலங்கை வந்த அவர், அருணாசலத்தின் குருவான இராமசாமி என்னும் தமிழ் ஞானியிடம் குருநாகலிலே சில வாரங்கள் உபதேசங் கேட்டார். எண்ணங்கள் அடங்கிய நிலையிலும் உணர்வு நிலைக்கும், அங்கே தான், பிறர் என்னும் வேற்றுமை இல்லை என்பதே அவர் பெற்ற போதனையின் சாரம். 1892இல் வெளியிட்ட பயண நூலில் இதனை அவர் விரிவாக எழுதினார்.

இப்போதனை அவரை ஏன் கவர்ந்தது? விடை குருநாகலில் இல்லை, இங்கிலாந்திலேயே உண்டு. மனிதனை இயற்கையினின்றும் சக மனிதனிடமிருந்தும் பிரித்த நாகரிகத்தை ஒரு நோயாக 1889இலேயே அவர் கண்டிருந்தார். முதலாளித்துவம் தோற்றுவித்த அந்நியமாதலே வினாவை எழுப்பியது. கீழைத்தேயம் அதற்கு ஒரு மொழியை வழங்கியது. அம்மொழியையும் அவர் உள்ளவாறே ஏற்றாரல்லர். தனிமனித வீடுபேற்றுக்குரிய நெறியை மானிட சமத்துவத்தின் அடிப்படையாக மாற்றிக் கொண்டார். சாதியமைப்போடு நெடுங்காலம் இணங்கி வாழ்ந்த அத்தத்துவம், ஷெபீல்ட் தொழிலாளரிடையே இயங்கிய ஒருவரின் கையில் வேறொரு பொருள் பெற்றது என்பது மனங்கொளத்தக்கது.

எனினும், அவரது நோக்கின் எல்லையையும் நாம் சுட்டுதல் வேண்டும். அவர் ஞானியிடம் பாடங்கேட்ட நாட்களில், அதே தமிழைப் பேசிய தொழிலாளர் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே சுரண்டப்பட்டனர். அகவுணர்வின் ஒருமை உற்பத்தி உறவுகளை மாற்றுவதில்லை. 1919இல் அருணாசலம் தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகத்தை நிறுவியமை, தியானத்தாற் கிட்டாத விடுதலைக்கு அமைப்பு வேண்டும் என்பதையே உணர்த்துகின்றது.

ஆகவே, மேற்கு நம்மிடம் எதைப் பெற்றது எனப் பெருமிதங் கொள்வதிலும், எத்தேவையினாற் பெற்றது, பெற்றதை எவ்வாறு மாற்றியது என வினவுவதே பயனுடைத்து. அவ்வினாவை நமது மரபினை நோக்கியும் நாம் எழுப்புதல் வேண்டும்.