ஆஸ்பத்திரிக்கு விற்றால் வரி உண்டா?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வார்டுகளில் நாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி வருகிறோம். இம்முறை ஒரு பில்லைப் பற்றி எழுதுகிறோம். நமது ஆதரவாளர்களில் பலர் கடை வைத்திருக்கிறீர்கள். சிலர் பட்டறை நடத்துகிறீர்கள். ஆஸ்பத்திரிக்கே சரக்கு விற்கிறவர்களும் உங்களில் உண்டு. ஆகவே உங்களுக்கு இது உபயோகப்படும். எங்களுக்கோ இதை எழுதுவது ஒரு கடனைத் தீர்ப்பதுபோல இருக்கிறது.

2021-ஆம் ஆண்டில் புதிய வார்டுக்காக இரும்பு பீரோக்களும் மேசை நாற்காலிகளும் வாங்கினோம். விற்றவர் நமக்கு நெடுநாளைய நண்பர். பில் போடுவதற்கு முன் எங்களைப் பார்த்து, "ஐயா, ஆஸ்பத்திரிக்கு வரி கிடையாதுதானே?" என்று கேட்டார். "ஆமாம், நாம் வரிவிலக்கு பெற்ற ஸ்தாபனம்" என்று சொன்னோம். அதோடு நில்லாமல் அலுவலகத்திலிருந்து 12ஏ பதிவுச் சான்றிதழின் நகல் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தோம். அவர் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு 2,40,000 ரூபாய்க்கு வரியில்லாமல் பில் போட்டார். இரண்டு வருஷம் கழித்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. 18 சதவீத வரி 43,200 ரூபாய். வருஷத்துக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் வட்டி 15,552 ரூபாய். நாங்கள் கொடுத்த நகலை எடுத்துக் காட்டினார். அதிகாரி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, இது வேறு வரிக்கான காகிதம் என்று திருப்பிக் கொடுத்தாராம்.

அதிகாரி சொன்னது சரி. நாங்கள் சொன்னதுதான் தவறு.

12ஏ என்பதும் 80ஜி என்பதும் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் உள்ள பிரிவுகள். 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சு வழக்கில் பழைய எண்கள் இன்னும் பல வருஷம் இருக்கும் என்றே நினைக்கிறோம். முதல் பிரிவின்படி, தர்ம ஸ்தாபனம் தன் வருமானத்தை அதன் நோக்கத்திற்கே செலவிட்டால் அந்த வருமானத்துக்கு வரி இல்லை. வருஷத்தில் 85 சதவீதமாவது அப்படிச் செலவாக வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. இரண்டாவது பிரிவு நன்கொடை கொடுக்கிற உங்களுக்கு உரியது. இரண்டிலும் பேச்சு வருமானத்தைப் பற்றியது. ஸ்தாபனம் கடைக்குப் போய் ஒரு நாற்காலி வாங்குவதைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை.

அந்த நாற்காலியின்மேல் வருவது சரக்கு மற்றும் சேவை வரி. ஜி.எஸ்.டி. என்று எல்லாரும் சொல்லும் இது 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த வரியை வாங்குகிறவரிடமிருந்து வசூலித்தாலும், அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய பொறுப்பு விற்கிறவருடையது. வசூலிக்க மறந்துவிட்டேன், பரிதாபப்பட்டு விட்டுவிட்டேன் என்றால் அவர் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டியதுதான். பீரோவை வாங்குவது ஆஸ்பத்திரியா, சினிமாக் கொட்டகையா, சர்ச்சா, கோவிலா என்று சட்டம் பார்ப்பதில்லை.

அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று ஜனங்கள் சொல்வது முழுப் பொய்யா? இல்லை. நோயாளிக்கு நாம் செய்யும் சிகிச்சைக்கு அந்த வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல், தீவிர சிகிச்சைப் பிரிவு நீங்கலாக, நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள அறைக்கு மாத்திரம் 5 சதவீதம் உண்டு. நம்மிடம் அப்படிப்பட்ட அறை இல்லை. உள்நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து சிகிச்சையோடு சேர்ந்தது என்பதால் அதற்கும் தனி வரி இல்லை. வெளிநோயாளி மருந்துக் கடையில் வாங்கிப் போகும் மாத்திரைக்கு உண்டு. ஆக விலக்கு நாம் கொடுக்கும் சேவைக்கு. நாம் வாங்கும் சரக்குக்கு அது வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கணக்கர் விளக்கியபோது எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரு நூற்பாலை 5,00,000 ரூபாய்க்கு ஜெனரேட்டர் வாங்கினால் 90,000 ரூபாய் வரி கொடுக்கிறது. தான் நூல் விற்று வசூலிக்கும் வரியில் அந்த 90,000-த்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதும். நாமும் அதே ஜெனரேட்டரை வாங்கி அதே 90,000 கொடுக்கிறோம். ஆனால் சிகிச்சைக்கு வரி வசூலிக்காத நமக்கு எதில் கழிப்பது? கழிக்கக் கூடாது என்றே சட்டமும் சொல்லுகிறது. ஆக அந்தத் தொகை முழுவதும் ஆஸ்பத்திரியின் செலவு. விலக்கு பெற்ற நமக்கு ஜெனரேட்டர் 5,90,000. விலக்கில்லாத ஆலைக்கு 5,00,000. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு இப்படிப் போகிறது என்பதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

இந்தக் குழப்பம் நேற்றுப் பிறந்ததல்ல. 1988-இல் மத்திய அரசு ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கருவிகளுக்குச் சுங்க வரியிலிருந்து விலக்கு அளித்தது. 1994-இல் அதை நீக்கும் வரை எத்தனையோ கருவிகள் அப்படி வந்து இறங்கின. விலக்கு இனாமாகக் கிடைக்கவில்லை. வெளிநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கு இலவச சிகிச்சை கொடுக்கவேண்டும். படுக்கைகளில் 10 சதவீதத்தையாவது மாதம் 500 ரூபாய்க்கும் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தாருக்கு ஒதுக்கி இலவசமாய்ப் பார்க்கவேண்டும். கருவி வந்து சேர்ந்ததோடு அந்தக் கடமை முடிந்துவிடாது, தொடர்ந்து நிறைவேற்றவேண்டும் என்று பிற்பாடு உச்ச நீதிமன்றமும் சொல்லிற்று. ஜனங்களின் நினைவில் நிபந்தனைகள் போய், "ஆஸ்பத்திரிக்கு வரி இல்லை" என்ற வாக்கியம் மாத்திரம் தங்கிவிட்டது போலும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள நண்பர்கள் வேறொன்று சொல்வார்கள்: அங்கே சர்ச் ஒரு காகிதத்தை நீட்டினால் கடைக்காரர் வரி போடமாட்டாராமே! சில மாநிலங்களில் உண்மைதான். டெக்சாஸில் தகுதியுள்ள தர்ம ஸ்தாபனம் விலக்குச் சான்று கொடுத்து விற்பனை வரியில்லாமல் வாங்கலாம். கடைக்காரர் அந்தச் சான்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவிலோ தர்ம ஸ்தாபனம் என்ற ஒரே காரணத்துக்காக அப்படிப் பொதுவான விலக்கு கிடையாது. அங்கேயும் வருமான வரி விலக்கு மத்திய அரசு கொடுப்பது, விற்பனை வரி மாநிலத்துடையது. ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்க முடியாது. நம் தேசத்தில் வாங்குகிறவர் யார் என்று பார்த்து வரியை விட்டுக்கொடுப்பது அபூர்வம். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனங்களும் வெளிநாட்டுத் தூதரகங்களும்கூட முதலில் வரியைக் கட்டி வாங்கி, பிறகு அரசாங்கத்திடம் திரும்பப் பெறுகின்றன.

சரி, வரியில்லாத பில் நமக்கு வருவதே இல்லையா? வருகிறது. காய்கறி, பால், மூட்டையில் அளந்து போடும் அரிசி, இரத்த வங்கியின் இரத்தம் ஆகியவற்றுக்கு வரியே இல்லை; யார் வாங்கினாலும் இல்லை. இன்னொரு விதம் விற்கிறவரைப் பொறுத்தது. சரக்கு மாத்திரம் விற்று, வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் உள்ளூர் வியாபாரி பொதுவாகப் பதிவு செய்யவேண்டியதில்லை; பதிவில்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. ஒன்றரைக் கோடி வரையிலான சிறு வியாபாரிகளுக்குள்ள இணக்க முறையில் இருப்பவரும் பில்லில் வரியைத் தனியே போடமாட்டார். ஆகவே ஒருவருடைய பில்லில் வரி இருந்து, அடுத்த கடைக்காரர் பில்லில் இல்லாதிருந்தால், முன்னவர் ஏமாற்றுகிறார் என்று எங்கள் ஸ்டோர்காரர்கள் அவசரப்பட்டு நினைத்ததும் உண்டு.

வெள்ளையடிக்க வந்த சகோதரர் ஒருவர், வரியில்லாத ஆஸ்பத்திரி தம் கூலியில் ஒரு சதவீதத்தை ஏன் பிடித்துக்கொள்கிறது என்று எங்கள் அறைக்கே வந்து சண்டை போட்டார். அது அவருடைய வருமான வரிக்காக நாம் பிடித்து அரசாங்கத்தில் கட்டுவது; நம் வருமானத்துக்கு விலக்கு இருந்தாலும் பிடித்தாகவேண்டும். அவர் கணக்குத் தாக்கல் செய்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்கு உதவ விரும்பும் வியாபாரிகளுக்குச் சொல்கிறோம். வரியை விடாதீர்கள், மனமிருந்தால் விலையைக் குறையுங்கள். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை 90,000-த்துக்குப் பில் போட்டால், 18 சதவீத வரியும் 18,000-லிருந்து 16,200 ஆகக் குறைகிறது. இரண்டும் நமக்கு லாபம், உங்களுக்கும் வில்லங்கமில்லை. சரக்கை முழுவதும் இனாமாகத் தருவதானால், அதை வாங்கியபோது நீங்கள் கட்டிக் கழித்துக்கொண்ட வரியைத் திரும்பச் செலுத்தவேண்டும். பொருளாகக் கொடுத்ததற்கு 80ஜி சலுகையும் இல்லை. பணமாகக் கொடுத்தால்தான் அது உண்டு. ரொக்கமானால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது, காசோலையாகவோ வங்கி மூலமாகவோ அனுப்புங்கள். புதிய வருமான வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு அந்தக் கழிவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரசீதைப் பெற்று ஏமாந்தவர்கள் சிலர் எங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

பீரோ விற்ற நண்பருக்கு நிர்வாகக் குழு 43,200 ரூபாயைக் கொடுத்தது. முதலிலேயே கொடுத்திருக்கவேண்டிய பணம் அது. வட்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர், "அதை என் காணிக்கையாக எழுதிக்கொண்டு ஒரு ரசீது கொடுங்கள்" என்றார். பணம் நமக்கு வரவில்லை, அரசாங்கத்துக்குப் போயிற்று. வராத பணத்துக்கு எப்படி ரசீது போடுவேன் என்று கணக்கர் கையை விரித்தார். தவறான வார்த்தை எங்கள் வாயிலிருந்து வந்தபடியால், அந்த 15,552 ரூபாயை எங்கள் சம்பளத்திலிருந்து மூன்று தவணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் தவணையை வாங்கவே மாட்டேன் என்றார். இரண்டாம் நாள் அவருடைய மனைவி வாங்கி வைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் அதே கடையிலிருந்து லேபுக்கு இரண்டு பீரோ வந்தது. விலையைக் குறைத்து, மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம் என்று தனித்தனியே போட்டு பில் அனுப்பியிருந்தார்.