இருட்டிலும் படம் எடுக்கலாம்! (ஐ.எஸ்.ஓ. என்றால் என்ன?)



ஆண்டு விழா வருகிறது. மேடையில் கரகம் ஆடுவோம், நாடகம் போடுவோம். யாராவது டிஜிட்டல் கேமராவில் படம் எடுப்பார்கள். மறுநாள் பார்த்தால் பாதிப் படம் ஆடிப் போயிருக்கும். முகமே தெரியாது. "கேமரா சரியில்லப்பா" என்போம். ஆனால் பெரும்பாலும் குறை கேமராவில் இல்லை. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கவனிக்காததே காரணம்.

ஐ.எஸ்.ஓ. என்பது, எவ்வளவு வெளிச்சம் இருந்தால் படம் விழும் என்பதைச் சொல்லும் எண். பிலிம் காலத்தில் அமெரிக்காவில் ஏ.எஸ்.ஏ. என்றும், ஜெர்மனியில் டின் என்றும் இரண்டு கணக்கு இருந்தது. 1974ல் இரண்டையும் சேர்த்து ஐ.எஸ்.ஓ. என ஆக்கினார்கள்.

நம்ம ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு! சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அந்தக் காலக் கலர் பிலிம்களுக்கு வேகம் மிகக் குறைவு. அதனால் ஸ்டூடியோவில் பெரிய பெரிய விளக்குகள் எரிய வேண்டும். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பிலிம் ரோலையே மாற்ற வேண்டும். இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் போதும்!

கணக்கு ரொம்ப சுலபம். எண் இரட்டிப்பானால், தேவைப்படும் நேரம் பாதியாகும்:

ஐ.எஸ்.ஓ. 100 – 1/15 விநாடி
ஐ.எஸ்.ஓ. 200 – 1/30 விநாடி
ஐ.எஸ்.ஓ. 400 – 1/60 விநாடி
ஐ.எஸ்.ஓ. 800 – 1/125 விநாடி

1/15 விநாடியில் ஆடுபவரின் கை நகர்ந்துவிடும், நம்ம கையும் நடுங்கும். 1/125ல் அந்தத் தொல்லை குறைவு.

அப்படியானால் எப்போதும் 1600 வைக்கலாமே? கூடாது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடும் அல்லவா? அதுபோலத்தான். எண் ஏற ஏற, படத்தில் ரவை தூவியது போல் புள்ளிகள் தெரியும்.

எங்கே எவ்வளவு?

• நாமக்கல் மலைக்கோட்டை மேல் உச்சி வெயில்: 100
• மரத்தடி, வகுப்பறை ஜன்னலோரம்: 200 முதல் 400
• டியூப்லைட் போட்ட அறை: 800
• இரவு மேடை நிகழ்ச்சி: 800 முதல் 1600

'ஆட்டோ'வில் வைத்தால் கேமராவே எண்ணைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் எதிரே இருப்பவர் நிற்கிறாரா ஆடுகிறாரா என்பது பல கேமராக்களுக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும். சின்ன கேமராவின் பிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. கடைசி வரிசையிலிருந்து பிளாஷ் அடித்தால் முன்னால் உட்கார்ந்தவர் தலைதான் பளிச்சென்று விழும்! பல செல்போன்களிலும் 'ப்ரோ' பகுதியில் ஐ.எஸ்.ஓ. இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தில் முகம் தெரியும்; ஆடிப்போன படத்தைச் சரிசெய்வது கஷ்டம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அக்காக்களுக்கு இதுதான் இந்தப் பள்ளியில் கடைசி மேடை. அதை மறுபடி எடுக்க முடியாது. அதனால் இன்று சாயங்காலமே வீட்டில், ஒரே இடத்தை 100, 400, 1600 என்று மூன்று முறை எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்!