படகில் வெந்நீர்க் கலம்: மின்சாரக் கணக்கும் பாதுகாப்பும்

ஸ்ரீநகரின் தால் ஏரியில் கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் படகு வீடுகளில், குளிர்காலத்தில் வெந்நீர் இன்றியமையாதது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் செல்லும் படகு வீடுகளிலும் பயணிகள் குளிப்பதற்கு வெந்நீர் வேண்டப்படுகிறது. முன்னது கரையிலிருந்து மின்சாரம் பெறுவது. பின்னது இடம்விட்டு இடம் செல்வது. கீஸர் எனப்படும் மின்சார வெந்நீர்க் கலத்தைப் படகில் பொருத்துமுன் இவ்வேறுபாட்டையே முதலில் கருதுதல் வேண்டும்.

10 லிட்டர் நீரை 5 பாகையிலிருந்து 45 பாகை சென்டிகிரேடுக்குச் சூடாக்க 400 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பம் 860 கிலோ கலோரி. ஆகவே ஏறத்தாழ அரை யூனிட் செலவாகும். 1,000 வாட் கலம் இதனைச் சுமார் அரை மணி நேரத்தில் முடிக்கும்.

இம்மின்சாரத்தைப் பாட்டரியிலிருந்து பெறலாமா? 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியின் மொத்த அளவு 1.2 யூனிட். ஈய-அமிலப் பாட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். எஞ்சிய 0.6 யூனிட்டிலும் இன்வெர்ட்டரில் ஒரு பகுதி வீணாகும். அன்றியும், 1,000 வாட்டுக்கு 83 ஆம்பியருக்குக் குறையாத மின்னோட்டம் பாய வேண்டும்; இவ்வளவு விரைந்து உறிஞ்சினால் பாட்டரி தன் முழு அளவையும் தராது. ஒரு முறை குளிப்பதற்குள் பாட்டரி தளர்ந்துவிடும். இரவில் விளக்கும் எரியாது.

எனவே கட்டி நிறுத்திய படகுக்குக் கரை மின்சாரமே ஏற்றது. 230 வோல்ட்டில் அதே கலத்துக்கு 4.3 ஆம்பியர் போதும். செல்லும் படகில் ஜெனரேட்டர் இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். நீரால் குளிர்விக்கப்படும் டீசல் எஞ்சினாயின், அதன் சூடான நீரைக் கலத்தினுள் அமைந்த சுருள் குழாய் வழியே செலுத்தி, வீணாகும் வெப்பத்தைச் செலவின்றிப் பெறலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. படகின் ஆட்டத்தில் அசையாதவாறு கலத்தைத் தாழ்வான இடத்தில் இறுகப் பிணைக்க வேண்டும். 10 லிட்டர் நீர் 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாகும்போது சுமார் 150 மில்லிலிட்டர் விரிவடையும். ஆதலால் அழுத்தம் தணிக்கும் வால்வு அவசியம். கலத்தில் நீர் நிரம்பாமல் சுவிட்சைப் போடலாகாது.

மின்கசிவே அனைத்திலும் கொடியது. நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை நன்கு கடத்தும். கசிவு மின்னோட்டம் ஏரியில் பரவினால், படகருகே நீந்தும் சிறுவனின் தசைகள் செயலிழந்து அவன் மூழ்க நேரிடும். ஆகவே கலத்தின் உலோக உடலை எர்த் கம்பியுடன் இணைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. துண்டிப்பானை அமைக்க வேண்டும். கரையிலிருந்து வரும் கேபிளின் இணைப்பு எதுவும் நீரில் தோயலாகாது.

களப்பணியாளர் படகைப் பார்வையிடும்போது துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பாராக. ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை வகுப்பில் ஒரு மின்கெட்டிலும் வெப்பமானியும் கொண்டு மாணவரே செய்து காணச் செய்யலாம்.