அதே ஊருக்கு மறுபடியும்

"சமூக, பொருளாதார ஆய்வு நிறுவனம் என்கிறார்களே, அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு.

1915-ல் இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். பாடம் நடத்துவதோடு அவர் நிற்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது? கூலி பணமா, நெல்லா? யார் யாருக்குக் கடன், என்ன வட்டி? வந்த பதில்கள் 1918-ல் புத்தகமாயின. இருவேல்பட்டில் அப்போது படியாட்கள் இருந்தார்கள். வாங்கிய கடன் தீராமல், அப்பனுக்குப் பின் மகனும் அதே பண்ணையில் உழைத்தவர்கள். அன்றைக்குக் கல்லூரி வரை வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். படியாள் அவர்களிடம் எவ்வளவு மனம்விட்டுப் பேசியிருப்பார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அந்தப் புத்தகம் அலமாரியில் தூங்கவில்லை. 1930-களில் அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1971-ல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன், ஜோன் மெஞ்சருடன் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் இருவேல்பட்டைப் பற்றி எழுதினார். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் போனபோது பெரிய நிலக்காரரின் பிடி வெகுவாகத் தளர்ந்திருந்தது. வயலுக்கு வெளியே வேலை கிடைத்தது; ரேஷன் அரிசி வந்தது; கூலிக்காரர் ஒரே நிலக்காரரை அண்டிப் பிழைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருமுறை போய்க் கணக்கெடுத்தால் இன்றைய கூலி தெரியும். பண்ணையின் பிடி எப்போது, எதனால் விட்டது என்பதற்குப் பழைய கணக்கும் கையில் இருக்க வேண்டும். முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைப்பது நாலைந்து வருடம். தொண்ணூறு வருடக் கணக்கைக் காத்து, அடுத்தவரிடம் கொடுத்து, கேள்வி கேட்கவும் பழக்கிவிட ஒரு நிறுவனம்தான் வேண்டும். இரண்டு வருடத் திட்டத்துக்கு மட்டும் பணம் தருகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

உங்கள் ஊருக்கும் யாராவது ஆய்வு மாணவர் வந்து திண்ணையில் உட்காரலாம். கூலியையும் கடனையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.