காற்றுக்குப் போகும் நீரும் கசிவுக்குப் போகும் நீரும்

பெங்களூரில் வாழும் நமக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசாத கோடை இல்லை. அவற்றுள்ளும் 2024ஆம் ஆண்டின் கோடை எளிதில் மறக்கக்கூடியதன்று. முந்திய ஆண்டின் மழை பொய்த்தமையால் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டன. லாரித் தண்ணீரின் விலை ஏறிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் குடிநீர் வாரியம், நீச்சற்குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தலாகாது என்றும், மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் ஆணை பிறப்பித்தது.

“நீச்சற்குளம் செல்வர் வீட்டுப் பொருள்; நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று அன்பர்கள் கேட்கலாம். ஒயிட்பீல்டிலும் சர்ஜாபூர் சாலையிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் குடும்பங்கள் பல. அங்கே குளத்தின் செலவு மாதப் பராமரிப்புத் தொகையோடு சேர்ந்து, நீந்தத் தெரியாதவர் தலையிலும் விழுகிறது. மேலும், குளத்திற்குரிய கணக்கே நம் வீட்டுச் சம்புக்கும் உரியது.

குளத்து நீர் குறைவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று ஆவியாதல், மற்றொன்று கசிவு. வெயிலும், வறண்ட காற்றும், காற்றின் வேகமும் மிகுந்தால் ஆவியாதலும் மிகும். பெங்களூரின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் திறந்த நீர்மட்டம் நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. கேட்பதற்கு இது சிறிய அளவே. ஆனால் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் அது 192 லிட்டராகும். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. ஆகவே ஒருவருக்குரிய பங்கினும் மிகுதியான நீரைக் காற்று நாள்தோறும் கொண்டுபோகிறது. பயன்படுத்தாத வேளையில் குளத்தை விரிப்பினால் மூடிவைத்தால் இவ்விழப்பில் பெரும்பகுதி தடைப்படும். அலங்கார அருவிகளை நிறுத்துவதும், காற்று வீசும் பக்கத்தில் செடிவேலி அமைப்பதும் நன்மை தரும்.

கசிவோ கண்ணுக்குத் தெரியாதது. நீர் குறைந்தால், “வெயில் குடித்துவிட்டது” என்று காவலர் கூறுவார், நாமும் நம்பிவிடுவோம். உண்மையை அறிய ஒரு வாளி போதும். வாளியைக் குளத்துப் படியில், அதன் விளிம்பு நீருக்கு மேலே இருக்குமாறு வைக்க வேண்டும். வெளியே குளத்து நீர் நிற்கும் மட்டத்திற்கே உள்ளேயும் குளத்து நீரை நிரப்ப வேண்டும். உட்புறமும் வெளிப்புறமும் கோடு கிழித்து, புதுநீர் விடும் குழாயை அடைத்து, மழையில்லாத நாளில் 24 மணி நேரம் எவரும் இறங்காமல் விட்டுவிட வேண்டும். வெயிலும் காற்றும் இரண்டுக்கும் பொதுவே. எனவே இரண்டு மட்டங்களும் சமமாக இறங்கினால் குற்றம் காற்றினுடையது. குளத்து மட்டம் மட்டும் மிகுதியாக இறங்கினால் கசிவு உண்டென்பது உறுதி. இச்சோதனையை மோட்டாரை நிறுத்தி ஒரு நாளும், ஓடவிட்டு ஒரு நாளும் செய்தல் நலம். ஓடும்போது இழப்பு மிகுமாயின் குழாயில் ஐயம் கொள்ளலாம். விரிசலைக் காணும் பொருட்டுக் குளத்தை முழுதும் வடித்தல் ஆபத்து. மழைக்காலத்தில் நிலத்தடி நீரின் அழுத்தம் வெற்றுக் குளத்தை மேலே தூக்கிப் பிளந்துவிடக்கூடும்.

நம் சம்புக்கு வாளியும் வேண்டுவதில்லை. மூடியிருக்கும் சம்பில் ஓரிரவில் ஆவியாகும் நீர் மிகச் சிறிது. இரவு படுக்குமுன் உள்வரும் வால்வை மூடி, மோட்டாரைப் போடாமல், உலர்ந்த கோலால் நீரின் ஆழத்தை அளந்து வைத்துக்கொள்க. விடியலில் மீண்டும் அளந்து பார்க்க. 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள சம்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் 40 லிட்டர் போயிற்று என்பது பொருள். நீர் வெளியேறும் விரிசல் வழியே மழைக்காலத்தில் சாக்கடை நீர் உள்ளே புகவும் கூடும். ஆதலால் இது காசைப் பற்றிய செய்தி மட்டுமன்று. குழந்தைகளின் உடல்நலத்தைப் பற்றியதுமாகும். பழுது பார்க்க வேண்டின் பழகிய ஆளை அழைக்க வேண்டுமேயன்றி, எவரும் தனியே சம்புக்குள் இறங்கலாகாது. அங்கே நச்சுக்காற்று தங்கியிருக்கக்கூடும்.

இந்நகரின் குழாய்களில் வருவது காவிரி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் இறைக்கப்பெற்று அது நம்மிடம் வருகிறது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தமிழகத்திற்குக் கர்நாடகம் விடவேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. கர்நாடகத்திற்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீர், வீட்டு உபயோகத் தேவைக்கென்றே ஒதுக்கப்பெற்றது. தஞ்சையில் நம் உறவினர் வயலுக்குக் காத்திருக்கும் ஆற்றையே இங்கே நாம் குடிக்கிறோம். காவிரியின் பெயரால் 1991இலும் 2016இலும் இந்நகரில் நேர்ந்தவற்றை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. பங்கைப் பற்றிய வழக்கில் நாம் செய்யக்கூடியது சிறிது. வீடு வந்து சேர்ந்த பங்கைக் காப்பதோ முழுதும் நம் கையில் உள்ளது. கன்னடத்து அண்டை வீட்டாரும் நாமும் சேர்ந்தே செய்யத்தக்க பணியும் இதுவே.

ஆகவே அன்பர்கள் இவ்வாரமே தத்தம் வீட்டுச் சம்பை ஓரிரவு அளந்து பார்க்க வேண்டுகிறோம். குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பு வகிப்போர், அடுத்த கூட்டத்திற்கு முன்பாகக் குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்துப் பார்த்து, கண்ட அளவைக் கூட்டத்தில் எடுத்துரைப்பாராக. காற்று கொண்டுபோகும் நீரைக் குறைக்கத்தான் இயலும். கசிவில் போகும் நீரையோ அறவே நிறுத்த இயலும்.