ஊர் புதுசு... கை பழசு!

எங்க செஞ்சியிலிருந்து எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புறீங்களா? ராஜகிரிக் கோட்டைக்குக் கூடவே படியேறின ஜமா அங்கே இருக்காது பாஸ். தனிமைக்கு நல்ல மருந்து, சேவை.

பர்மிங்ஹாமில் பிறந்த லாரி பேக்கர் 1945-ல் இந்தியா வந்தார். கையில் இருந்தது கட்டடக்கலை. தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டட வேலையில் இறங்கினார். கடைசியில் இந்தியக் குடிமகனாகவே ஆகிட்டார்!

நீங்க பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தரலாம். இலவச உணவு தரும் 'ஃபுட் பேங்க்'கில் பெட்டி அடுக்கலாம். ஆனா உஷார்! சம்பளத்துக்குச் செய்யவேண்டிய வேலையைக் கம்பெனியில் சும்மா செய்தாலும் எஃப்-1 விசாவுக்கு ஆபத்து. யுனிவர்சிட்டியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்டுடுங்க.

சனிக்கிழமையானா உங்களை எதிர்பார்த்து நாலு பேர் இருந்தா, அதுவும் உங்க ஊர்தான்!